உங்கள் முன்பதிவு உறுதி செய்யப்பட்டது

1

வின்னிபெக்கில் எல்லோரும் என்னை அந்தோணிச்சாமி என்றுதான் கூப்பிடுகிறார்கள். அது என் அப்பாவின் பெயர். என் பெயர் ஜெயராஜ். இருபது வருஷத்துக்கு முன்னால் பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது. எங்கள் வீட்டில் அப்படி ஒன்று கிடையாது. விண்ணப்பத்தை நிரப்பித் தந்த திண்டுக்கல் ஏஜென்ட் யோசிக்கவே இல்லை, இனிஷியலை விரித்து அந்தக் கட்டத்தில் போட்டுவிட்டார். அன்றிலிருந்து நான் அப்பாவின் பெயரில் சம்பளம் வாங்குகிறேன், அப்பாவின் பெயரில் பல் பிடுங்கிக்கொள்கிறேன். பள்ளிப் பேருந்துகளைப் பழுதுபார்க்கும் பணிமனையில் எனக்கு வேலை. அங்கே என் சட்டைப் பைக்கு மேல் தைத்திருப்பதும் அவர் பெயர்தான்.

அப்பா கொடைக்கானலில் ஒரு விடுதிப் பள்ளியின் சமையல்கூடத்தில் ரொட்டி சுட்டவர். ஓய்வு பெற்ற பிறகும் ரொட்டி சுட்டார். கிழக்கே மதுரையைத் தாண்டி அவர் போனதில்லை. விமானத்தைத் தலைக்கு மேலே பார்த்ததோடு சரி. ஆனால் நான் டிக்கெட் போடும் பயணப் பதிவுத் தளத்தின் கணக்குப்படி அவர் தங்க உறுப்பினர்.

அவர் இறந்து ஒரு வருஷம் நிறைய மூன்று வாரம் இருந்தபோது, அந்தத் தளத்திலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. "அன்புள்ள அந்தோணிச்சாமி, உங்களைப் பார்த்து நாளாகிவிட்டது. அடுத்து எங்கே போகலாம்?"

ஒரு பேருந்தின் அடியில் படுத்துக்கொண்டு அதைப் படித்தேன். படித்துவிட்டு பிரேக் பைப்பை மாட்டி முடித்தேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து அதே தளத்தைத் திறந்து கொடைக்கானலுக்குத் தேதி தேட ஆரம்பித்தேன். போன வருஷம் அந்தத் தளம் எனக்குச் செய்ததைத் தெரிந்தவர்கள் ஏன் என்று கேட்பார்கள். அந்தத் தளத்தில் என் விவரமெல்லாம் ஏற்கெனவே இருந்தது, மறுபடி எல்லாவற்றையும் தட்ட வேண்டியதில்லை. காரணம் அவ்வளவுதான்.

2

போன வருஷம் நடந்தது இது.

என் தம்பி சவரிமுத்து சுற்றுலா வேன் ஓட்டுகிறான். கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் அப்பாவோடு இருந்தவன் அவன்தான். அங்கே செவ்வாய்க்கிழமை காலை, இங்கே திங்கள் சாயங்காலம், அவன் கூப்பிட்டான். "அண்ணே, அப்பா போயிட்டாரு" என்றான். பிறகு, "நீ வர்ற வரைக்கும் வச்சிருக்கோம். வெரசா வா" என்றான்.

ஒரு மணி நேரத்துக்குள் டிக்கெட் போட்டேன். மனைவி பிரேமாவுக்கு முதியோர் இல்லத்தில் வேலை, உடனே விடுப்பு கிடைக்கவில்லை. மகள் அனிலாவுக்குப் பரீட்சை. நான் மட்டும் கிளம்பினேன். ஒரே பயணம் என்று தளம் காட்டியது உண்மையில் இரண்டு நிறுவனங்களின் இரண்டு தனி டிக்கெட்டுகள். முதல் விமானம் தாமதமாகி டொரொண்டோவில் இரண்டாவதைத் தவறவிட்ட பிறகுதான் அது எனக்குத் தெரிந்தது. கவுன்டரில் இருந்த பெண், "நீங்கள் வராத பயணி. டிக்கெட் விற்றவர்களிடம் கேளுங்கள்" என்றாள். விற்றவர்களின் தளத்தில் இயந்திரமே பதில் எழுதும் உதவிப் பெட்டி, "விமான நிறுவனத்தைக் கேளுங்கள்" என்றது. இரண்டுக்கும் நடுவில் அரை நாள் நின்றேன். உதவிப் பெட்டி ஒரு கட்டத்தில், பயணத்தின் நோக்கம் என்ன, விடுமுறையா, தொழிலா, மற்றவையா என்று கேட்டது. மற்றவை என்று அழுத்தினேன். அருமை என்று பதில் வந்தது.

ஒருவழியாக ஒரு மனிதக் குரல் கிடைத்தது. புது வழித்தடம் போட்டுத் தந்தார்கள். வியாழக்கிழமை மதியம் மதுரை என்று அதில் இருந்தது. அதைப் படம் எடுத்து சவரிக்கு அனுப்பினேன். அவன் வியாழன் காலையில் வைத்திருந்த அடக்கத்தை நாலு மணிக்குத் தள்ளி வைத்தான்.

வியாழக்கிழமை காலை வளைகுடாவில் இறங்கினேன். மதுரைக்குப் போக வேண்டிய டிக்கெட் ரத்தாகி இருந்தது. பழைய பயணத்தில் நான் ஏறாததால், இயந்திரம் மீதியைத் தானாக அழித்துவிட்டதாம். பதினைந்து நிமிடத்தில் சரி செய்கிறோம் என்று உதவிப் பெட்டி சொன்னது. பதினைந்து நிமிடம் கழித்தும் அதையே சொன்னது. அதற்குள் சவரி இரண்டு முறை கூப்பிட்டிருந்தான். நாங்கள் வழக்கமாகப் பேசும் செயலியில் அந்த நாட்டில் பேச முடியாது, எழுதத்தான் முடியும்.

அவனுக்கு நான் எழுதியது: "வழியிலதான் இருக்கேன்."

அப்போது அது பொய் என்று எனக்குத் தோன்றவில்லை. இன்னும் பதினைந்து நிமிடத்தில் உண்மையாகிவிடும் என்றுதான் நினைத்தேன். பிறகு அலைச்சலில் வேறு எதுவும் எழுதவில்லை. அன்று சாயங்காலம் அவனிடமிருந்து ஒரு வரி வந்தது. "எல்லாம் முடிஞ்சுருச்சுண்ணே. மெதுவா வா."

வெள்ளிக்கிழமை மதியம் போய்ச் சேர்ந்தேன். கல்லறைத் தோட்டத்தில் மாலைகள் கிடந்த மண்மேட்டின் முன்னால் நின்றேன். நாலு நாள் இருந்தேன். சவரி சோறு போட்டான், வண்டியில் கூட்டிக்கொண்டு போனான், அதிகம் பேசவில்லை. அவனுக்கு வேலை அதிகம் என்று நினைத்துக்கொண்டேன். திரும்பி வந்துவிட்டேன்.

3

இந்த வருஷம் அனிலாவும் வந்தாள். அவளுக்குப் பதினேழு வயது. தமிழ் புரியும். தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்லுவாள். எட்டு வயதில் நிறுத்தாமல் தமிழ் பேசியவள்தான். எந்த வருஷம் மாறினாள் என்று நானும் பிரேமாவும் பலமுறை யோசித்திருக்கிறோம். எங்கள் இரண்டு பேருக்கும் வேறு வேறு ஷிப்ட். யாரோடு அவள் எப்போது பேசியிருப்பாள் என்று கணக்குப் போட ஆரம்பித்தால் பேச்சு நின்றுவிடும்.

தம்பி வீட்டில் இரண்டே அறைகள். அவன், அவன் மனைவி செல்வி, இரண்டு சின்னப் பிள்ளைகள். வெளியே அறை எடுத்துக்கொண்டால் அவர்களுக்குத் தொந்தரவு இல்லை என்று நான் முடிவு செய்தேன். சவரியிடம் சொன்னேன். போனில்தான்.

"அப்பா திவசத்துக்கு வர்ற, லாட்ஜுல தங்குற."

"பாப்பாவுக்குக் குளியலறை தனியா வேணும்டா."

"சரிண்ணே. ஒன் இஷ்டம்."

குளியலறை உண்மையான காரணம் இல்லை என்று அவனுக்கும் தெரிந்திருக்கும். நாலு நாள் ஒரே கூரையின் கீழ் அவன் மௌனத்தோடு இருக்க எனக்குப் பயமாக இருந்தது. அதைப் போனில் சொல்ல முடியாது.

தளம் தமிழிலும் இருந்தது. யாரோ இயந்திரத்தை விட்டு மொழிபெயர்த்திருந்தார்கள். 'மலை எதிர்கொள்ளும் அறை. ராணி படுக்கை ஒன்று. குழந்தைகள் அனுமதிக்கப்பட்டது. இலவச ரத்து மகிழுங்கள்' என்று இருந்தது. அட்டுவம்பட்டிப் பக்கம் ஆறு அறைகள் கொண்ட ஒரு சின்ன லாட்ஜ். மே மாதக் கூட்டத்தில் அது ஒன்றில்தான் இடம் காட்டியது. அழுத்தினேன். அன்புள்ள அந்தோணிச்சாமி, உங்கள் முன்பதிவு உறுதி செய்யப்பட்டது என்று வந்தது. குயின் பெட் என்பதைத்தான் ராணி படுக்கை ஆக்கியிருக்கிறார்கள் என்று அனிலாவுக்கு விளக்கினேன். அவள் வெகுநேரம் சிரித்தாள். வீட்டில் அவள் சிரித்துச் சில வாரங்கள் ஆகியிருந்தன.

4

மதுரையில் இறங்கி வாடகைக் காரில் மலை ஏறினோம். சீசன் கூட்டத்தால் காட்ரோட்டிலிருந்தே வண்டிகள் வரிசை. இ-பாஸ் பார்த்து அனுப்பும் இடத்தில் இன்னொரு வரிசை. லாட்ஜ் வாசலில் எங்களை இறக்கிவிட்டு, கீழே போக ஆள் கிடைத்த சந்தோஷத்தில் கார் உடனே திரும்பிவிட்டது. மதியம் மூன்று மணி இருக்கும். குளிர ஆரம்பித்திருந்தது.

ஸ்வெட்டருக்கு மேல் சேலை முந்தானையை இழுத்துச் செருகிய ஐம்பது வயதுப் பெண் ஒருவர் வெளியே வந்தார். லாட்ஜை நடத்துபவர், கமலா. அப்போது எனக்கு அவர் பெயர் தெரியாது. நான் நீட்டிய போனில் அந்தத் தளத்தின் நிறத்தைப் பார்த்ததுமே அவர் முகம் மாறிவிட்டது.

"சார், கோவப்படாம ஒரு நிமிஷம் கேளுங்க. இந்த மாசத்துல நீங்க நாலாவது ஆளு."

"எதுக்கு நாலாவது?"

"இல்லாத ரூமுக்கு வர்றதுல. நான் அந்த சைட்ட விட்டு வெலகி ரெண்டு வருஷம் ஆச்சு சார். அவங்க என்னைய விட மாட்டேங்குறாங்க. எங்ககிட்ட ரூம் எல்லாம் ஃபுல்லு."

"முன்பதிவு உறுதி செய்யப்பட்டதுன்னு போட்டிருக்கே."

"ஒங்க போன்ல உறுதியாத்தான் இருக்கும். எங்க நோட்டுல இல்லையே."

உதவி எண்ணைக் கூப்பிட்டேன். இசை கேட்டது. பிறகு ஒரு பெண் குரல், மிகவும் மரியாதையாக, சொத்திடம், அதாவது லாட்ஜிடம், விசாரித்துவிட்டுச் சொல்வதாகச் சொன்னது. அரை நிமிடத்தில் என் எதிரில் நின்ற கமலாவின் போன் அடித்தது.

"நோ ரூம். நோ புக்கிங். டூ இயர்ஸ், ஃபினிஷ்," என்றார் கமலா. கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "இந்தியில கேக்குறாங்க, எனக்கு வெளங்கல" என்று போனை என்னிடம் நீட்டினார். எனக்கும் விளங்கவில்லை. இரண்டு போனும் என் கையில் இருந்தன. ஒன்றில் இசை, ஒன்றில் இந்தி.

பிறகு என் போனில் அந்தக் குரல் திரும்பி வந்தது. சொத்திடம் பேசிவிட்டோம், அறை தயாராக இருக்கிறது, நீங்கள் வரவேற்பறைக்குப் போகலாம் என்றது. நான் வரவேற்பறையில்தான் நின்றுகொண்டிருந்தேன். மறுபடி விளக்கினேன். மறுபடி இசை. கடைசியில், மன்னிப்புக் கேட்டு, மிக அருகில் மாற்று அறை ஒன்று தந்தார்கள். அது பழனியில் இருந்தது. வரைபடத்தில் கோடு போட்டால் அருகில்தான். நடுவில் மலை இருக்கிறது என்பதை அந்தப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. "இரண்டு மூன்று மணி நேரம் கீழே இறங்க வேண்டும்" என்றேன். "இது உங்களுக்கு உதவியாக இருந்ததா?" என்று கேட்டாள்.

அனிலா பெட்டியின் மேல் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஜஸ்ட் கால் சித்தப்பா," என்றாள்.

"வேண்டாம்," என்றேன்.

"வொய்?"

உதவி எண்ணை மறுபடி அழுத்தினேன்.

5

கமலா எங்களை உள்ளே உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார். "திட்டாம உக்காந்திருக்கீங்களே, அதுக்காச்சும்" என்றார். வந்த மற்ற மூன்று பேரும் வைதுவிட்டுப் போனார்களாம். அதில் ஒருவர் போகிற வழியிலேயே தளத்தில் ஒற்றை நட்சத்திரம் போட்டுவிட்டாராம். "தங்காத ஆளெல்லாம் எனக்கு மார்க் போடுறாங்க சார்."

விவரம் எழுதிவைத்துக்கொள்கிறேன், அவர்களிடம் நானும் புகார் செய்கிறேன் என்று சொல்லி என் போனை வாங்கினார். உறுதிச் சீட்டை விரலால் பெரிதாக்கிப் படித்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"அந்தோணிச்சாமி. எந்த அந்தோணிச்சாமி?"

"அது எங்கப்பா பேரு."

"ரொட்டிக்கார அந்தோணிச்சாமியா? மூஞ்சிக்கல்லு? அப்ப நீங்க கனடாவுல இருக்குற மகனா?"

தலையாட்டினேன். அவர் சார் என்று சொல்வதை அத்தோடு விட்டுவிட்டார்.

"தம்பி, எங்க லாட்ஜுல காலைச் சாப்பாட்டுக்கு ரொட்டி அவருதான் தந்தாரு, கடைசி வரைக்கும். எங்கப்பா சிலோன் தோட்டத்துல இருந்து வந்தப்ப எங்களுக்கு இங்க யாரையும் தெரியாது. ஒங்கப்பா எங்க வீட்டு ஆளு மாதிரி. அடக்கத்துக்கு நானும் வந்துருந்தேன்."

"நான் வரமுடியல," என்றேன்.

"தெரியும். ஒங்க தம்பி பட்ட பாட்ட நான் பாத்தேனே."

எனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்துத்தான் அவர் சொல்லிக்கொண்டு போனார்.

"நாலு மணிக்குன்னாங்க. கோயில்ல பூசை முடிஞ்சு கல்லறைக்குக் கொண்டுபோயாச்சு. பொட்டிய மூட விட மாட்டேங்குறான். அண்ணே வழியிலதான் இருக்கேன்னு எழுதிருக்கு, இந்தா பாருங்கன்னு எல்லார்ட்டயும் போனக் காட்டுறான். மழை தூத்த ஆரம்பிச்சிருச்சு. ரெண்டு பேரு தார்ப்பாயப் பிடிச்சிட்டு நிக்கிறாங்க. காட்ரோட்டுல எங்கயாச்சும் வண்டி நின்னுருக்கும்னு அவன் வேன இன்னொரு டிரைவர்ட்ட குடுத்து, வத்தலக்குண்டு வரைக்கும் பாத்துட்டு வரச் சொல்லி அனுப்புனான். ஒவ்வொரு வளைவுலயும் நிறுத்தி, நிறுத்தி, எதுத்தாப்புல வர்ற வண்டிக்குள்ள எல்லாம் பாத்துருக்காங்க. ஆறு மணி ஆச்சு. வெளிச்சம் போகுது. ஃபாதர் வந்து அவன் கையப் பிடிச்சு, 'சவரி, போதும்பா'ன்னாரு. அப்பத்தான் விட்டான்."

காப்பி டம்ளரைக் கீழே வைத்தேன். அந்த மணிக்கு நான் எங்கே இருந்தேன் என்று எனக்குத் தெரியும். கம்பளம் விரித்த ஒரு கூடத்தில், போன் சார்ஜ் போடும் தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பதினைந்து நிமிடங்களை எண்ணிக்கொண்டிருந்தேன். எழுதுவதற்கு என் கையில் போன் இருந்தது. இன்று வரமுடியாது என்ற இரண்டு சொற்களை நான் எழுதவில்லை. இதில் தளத்தின் மேல் போடக்கூடிய பழி பாதிதான்.

அனிலா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாம் அவளுக்குப் புரிந்திருந்தது.

"நான் கூப்பிடுறேன்," என்றாள். தமிழில் சொன்னாள்.

6

சவரி இருபது நிமிடத்தில் வேனோடு வந்தான். அவன் எங்களை ஏன் என்று கேட்கவில்லை. கமலாவிடம், "என்னக்கா, மறுபடியும் கம்ப்யூட்டர் விருந்தாளியா?" என்றான். பெட்டிகளைத் தூக்கி வைத்தான். "ஏறுங்க."

வழியில் நான், "சவரி, போன வருஷம்" என்று ஆரம்பித்தேன்.

"அண்ணே, ரோட்டுல கூட்டமா கெடக்கு. பெறகு பேசுவோம்."

வீட்டில் செல்வி ஏற்கெனவே ஓர் அறையை ஒழித்து வைத்திருந்தாள். நான் லாட்ஜ் என்று சொன்ன நாளிலிருந்தே அது அப்படித்தான் இருந்ததாம். சாப்பாட்டில் மூன்றாவது முறை சோறு போட வந்தபோது அனிலா கையை விரித்து மறைத்து, "போதும் சித்தி, நான் நிறைஞ்சுட்டேன்" என்றாள்.

"நெறஞ்சுட்டியா? நீ என்ன கொடமா?" என்றாள் செல்வி. பிள்ளைகள் இரண்டும் உருண்டு சிரித்தன. மறுநாளும் அந்த வீட்டில் எல்லோரும் நிறைந்துகொண்டே இருந்தார்கள். என் மகள் கோபித்துக்கொள்வாள் என்று பார்த்தேன். அவள் அவர்களோடு சேர்ந்து நிறைந்தாள்.

திவசம் அதற்கு மறுநாள். இடையில் இருந்த அந்த ஒரு நாளில் அனிலா கமலாவின் லாட்ஜுக்குப் போக வேண்டும் என்றாள். எதற்கு என்றால், தளத்தில் இருக்கும் லாட்ஜின் பக்கத்தை எடுக்க வைக்கப் போகிறாளாம். சவரி கொண்டுபோய் விட்டான். நானும் கூடப் போனேன்.

அன்று காலை முழுக்க என் மகள் ஒரு இயந்திரத்தோடு பேசியதைப் பார்த்தேன். கமலா உரிமையாளர்தான் என்பதற்கு அத்தாட்சி கேட்டது. மின்கட்டண ரசீதை அனுப்பினாள். ரசீது கமலாவின் இறந்துபோன கணவர் பெயரில் இருந்ததால் நிராகரித்தது. இன்றைய தேதியை ஒரு தாளில் எழுதி, லாட்ஜ் பலகையின் முன்னால் பிடித்துக்கொண்டு படம் எடுத்து அனுப்பச் சொன்னது. கமலா போய்த் தலையைச் சீவி, வேறு சேலை கட்டிக்கொண்டு வந்தார். "போலீஸ்ல பிடிச்ச ஆளு மாதிரி இருக்கேன்ல?" என்றார். அனிலா மூன்று படம் எடுத்தாள். பிறகு அந்தத் தளத்துக்கு லாட்ஜ் விவரத்தைக் கொடுத்த இன்னொரு தளத்தையும், அதற்குக் கொடுத்த பழைய கம்பெனியையும் கண்டுபிடித்து, மூன்று பேருக்கும் தனித்தனியாக எழுதினாள். நான் எழுதியிருந்தால் கெஞ்சியிருப்பேன், இல்லை கத்தியிருப்பேன். அவள் இரண்டும் செய்யவில்லை. தேதி, நடந்தது, என்ன வேண்டும். மூன்றே பத்தி.

"அவர்கள் கெட்டவர்கள் இல்லை அப்பா," என்று ஆங்கிலத்தில் சொன்னாள். "அங்கே ஆளே இல்லை. அதனால் ஆள் இருக்கிற மாதிரி எழுதக் கூடாது."

இப்படிப் பெட்டிகளோடு பேசும் ஊர்தான் அவளை வளர்த்தது. அந்த ஊரின் மொழி அவளுக்குத் தெரிந்திருக்கிறது, எனக்கு இருபது வருஷமாகியும் தெரியவில்லை என்று அப்போது பட்டது. என்னைவிட்டு விலகிப் போகிறாள் என்று நினைத்தபோதெல்லாம் அவள் இதைக் கற்றுக்கொண்டிருந்திருக்கிறாள். இதில் வருத்தப்படுவதா, வேண்டாமா என்று முடிவு செய்யாமல் விட்டுவிட்டேன்.

சாயங்காலம் தளத்தில் தேடினால் லாட்ஜ் வரவில்லை. கமலா நம்பவில்லை. தானே ஒருமுறை தட்டிப் பார்த்தார்.

"நெசமாவே போயிருச்சா பாப்பா?"

"இப்போ போயிருச்சு ஆன்ட்டி. திரும்ப வந்தா எனக்கு மெசேஜ் பண்ணுங்க."

"கொஞ்ச நாளைக்கு யாருட்டயும் வசவு வாங்காம கெடப்பேன்," என்றார் கமலா. அனிலாவின் கன்னத்தைத் தடவிக் கையை மடக்கித் தன் நெற்றிப்பொட்டில் வைத்து நெட்டி முறித்தார். அது எதற்கு என்று திரும்பும் வழியில் அவள் சித்தப்பாவைக் கேட்டாள். அவன் வேனை ஓட்டிக்கொண்டே, திருஷ்டியைப் பற்றிக் காட்டுப் பாதை முடியும்வரை சொல்லிக்கொண்டு வந்தான். என்னோடு அவன் ஒரு வருஷத்தில் பேசியதைவிட அது அதிகம்.

7

திவசத்தன்று காலை ஆறரைப் பூசை. பூசையில் இறந்தவர்களின் பெயர்களை வாசித்தார்கள். அந்தோணிச்சாமி என்றபோது பழக்கத்தில் நான் நிமிர்ந்துவிட்டேன். பக்கத்தில் இருந்த சவரி அதைக் கவனித்தான்.

அங்கிருந்து கல்லறைத் தோட்டத்துக்கு நடந்து போனோம். பனி இன்னும் விலகவில்லை. புதுக் கல்லறைகளுக்கு எல்லாம் சிமெண்டும் ஓடும் வைத்துக் கட்டியிருந்தார்கள். அப்பாவுக்குப் பின்னால் போனவர்களுக்குக்கூடக் கட்டியாகிவிட்டது. அப்பாவுக்கு மட்டும் போன வருஷம் பார்த்த அதே மண்மேடுதான். மரச்சிலுவை சாயாமல் இருக்கக் கல் அண்டை கொடுத்திருந்தது. புல் முளைக்காமல் யாரோ கொத்திவிட்டிருந்தார்கள். ஓரங்கள் சுத்தமாக இருந்தன.

செல்வி மெழுகுவர்த்தி ஏற்றினாள். செபம் சொன்னோம். செபம் முடிந்து அவளும் பிள்ளைகளும் அனிலாவும் வாசல் பக்கம் நகர்ந்த பிறகு நான் கேட்டேன்.

"ஏன்டா இன்னும் கட்டல?"

அவன் சிலுவையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"அன்னைக்கு நீ வந்தேல. வெள்ளிக்கிழமை. இங்கனதான் நின்ன, கையக் கட்டிக்கிட்டு. ஒரு பிடி மண்ணு அள்ளிப் போடுண்ணேன்னு நான் சொல்லிருக்கணும். வாய் வரல. அம்புட்டுக் கோவம். பொட்டிய ரெண்டு மணி நேரம் மழையில வச்சிருந்தேன் ஒனக்காக."

"கமலாக்கா சொன்னாங்க. முந்தாநாள்தான் எனக்குத் தெரியும்."

"தெரியும்னுதான் நெனச்சேன். தெரிஞ்சும் கேக்காம இருக்கான்னு நெனச்சேன்."

"நான் வரமுடியாதுன்னு எழுதியிருக்கணும் சவரி. கையில போன் இருந்துச்சு. எழுதல."

அவன் தலையாட்டினான். மன்னித்தேன் என்றோ பரவாயில்லை என்றோ சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அந்தச் சொற்கள் புழக்கத்தில் இல்லை.

"நீ போன பெறகு கொத்தனாரு வந்தாரு. அளவெடுத்தாரு. நான்தான் வேணாம்னு திருப்பி அனுப்பிட்டேன். சிமெண்டு போட்டு மூடிட்டா, அப்புறம் நீ எங்க மண்ணு போடுவ?"

அவன் குனிந்து, கொத்திவிட்ட இடத்தில் ஒரு கட்டியை எடுத்து, விரலால் உதிர்த்து, என் கையில் வைத்தான். ஈரமாக இருந்தது. மண்டி போட்டு மேட்டின் தலைப்பக்கம் அதைத் தூவினேன். இன்னும் ஒரு பிடி நானாகவே அள்ளிப் போட்டேன். மூன்றாவது பிடி போட்டபோது எனக்கு அழுகை வந்தது. அவன் வேறு பக்கம் திரும்பி நின்றுகொண்டான்.

எழுந்து கையைத் தட்டிக்கொண்டபோது அனிலா வாசலில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சவரி அவளை, வா என்று கையசைத்தான். அவள் வந்து, என்ன செய்ய வேண்டும் என்று கேட்காமலே, ஒரு பிடி மண் எடுத்துப் போட்டாள்.

"சரி," என்றான் என் தம்பி. "நாளைக்கு வெள்ளனே கொத்தனார வரச் சொல்றேன்."